கையெழுத்துக்கு மேலே இரண்டு வரி

என் அன்பு மாப்பிள்ளை தனசேகருக்கு,

நேரில் உன்னை ஒருநாளும் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. தங்கச்சி புருஷன் ஆயிற்றே! ‘வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை’ என்றுதான் பன்னிரண்டு வருடமும் ஓடியது. நீயும் ‘சொல்லுங்க மச்சான்’ என்று மரியாதையாகவே என் மானத்தை வாங்குவாய். இப்போது ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொண்டு பஸ் ஏறி வர முடியாத இடத்தில் இருக்கிறாய், அந்தத் தைரியம்தான்.

நீ போய் இரண்டு வருடம் கழித்து எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நாளைக்குள் ஒருவருக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் உன்னிடம் பேசிவிடலாம் என்று தோன்றியது. நம் ‘பலகை’யில் நீ சண்டை போட்டுக் கேட்ட ஒரு வசதி இருக்கிறது. அதை எடுத்துவிடலாமே என்கிறார் வெளிநாட்டிலிருந்து ஒருவர். நல்ல மனிதர், பலகைக்கு நிறைய வேலை செய்து கொடுத்தவர், முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியவில்லை. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இந்தக் கடிதத்தைப் பலகையை வைத்திருக்கிற மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவன். லேபில் பழசும் புதுசுமாகப் பல ரகக் கம்ப்யூட்டர்கள். ஒன்றில் அடித்த கடிதம் இன்னொன்றில் திறக்காது. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது இணையம் பார்க்கிற பிரவுசர் மட்டும்தான். அந்தப் பிரவுசருக்குள்ளேயே கடிதம் அடிக்க, அட்டவணை போட, படம் காட்டிப் பாடம் நடத்த எல்லாம் செய்துவிட்டால் என்ன என்று நானும் என்னோடு வேலை பார்க்கும் ரெஜினாவும் 2005இல் ஆரம்பித்தோம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். பெயர் பலகை.

முதன்முதலில் உனக்குக் காட்டியபோது நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“பிரவுசர்ல ஓடுதுன்னா நெட்டு வேணுமே மச்சான்? எங்க தெருவுல கரண்டே பாதி நேரம் இல்ல.”

“நெட்டு வேணாம் மாப்பிள்ளை. எல்லாம் உங்க பொட்டியிலயே இருக்கும்.”

“சரி, ஓசியில குடுக்குறீங்க. ஓசின்னா குத்தம் சொல்லக் கூடாதா?”

“தாராளமா சொல்லுங்க” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் உன் ஜாப் டைப்பிங் கடை. திங்கட்கிழமை மனு நாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் காலையிலேயே ஆட்கள் வந்து வரிசை கட்டி நிற்பார்கள். நீ கீபோர்டைப் பார்க்கவே மாட்டாய், வந்தவர் முகத்தைப் பார்த்தபடியே அடிப்பாய். பாதி மனுவை அவர் சொல்வார், மீதியை நீ கேட்டுக் கேட்டு வாங்குவாய்.

பலகையைப் போட்ட முதல் திங்களே உன் போன் வந்தது. “மச்சான், மனுவுல ‘ஐயா’வுக்கு மேல இங்கிலீஷ்ல என்னமோ நீளமா ஓடுது. கீழ தேதியும் டைமும் வருது. மனு குடுக்கறவரு பயந்துட்டாரு. ‘இது என்னா சார், எம்மேல கேஸா?’ங்கறாரு.”

பிரவுசர் எதை அச்சடித்தாலும் மேலே அதன் முகவரியை அச்சடிக்கும். எங்களுக்குத் தெரியும், ஆனால் அதைப் பார்த்து ஒருவர் பயப்படுவார் என்று தெரியாது. லேபில் யாரும் கலெக்டருக்கு மனு எழுதவில்லையே! அதை அடக்குவதற்கு எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அதைவிடப் பெரிய தலைவலி பக்கம். பிரவுசருக்குப் பக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. துணிக்கடையில் பீஸைப் பிரித்துப் போட்ட மாதிரி எழுத்து கீழே போய்க்கொண்டே இருக்கும். அதைத் தாள் அளவுக்கு அளந்து வெட்டுவதை நாங்களே எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் சரியாகிவிட்டது என்பேன், நீ ஒரு மனுவை அடித்துச் சரியாகவில்லை என்பாய். எரிச்சலாக இருக்கும். ஆனால் நீ போன் பண்ணாத வாரம் எனக்குச் சப்பென்று இருக்கும், அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

2009இல் அந்தச் சண்டை. குப்பத்துக்காரர் ஒருவர் வீட்டுப் பட்டா கேட்டு மனு அடிக்க வந்தார். நீ பலகையில் அடித்தாய். உன் பிரிண்டர் அன்று மக்கர் செய்ததால் பக்கத்துக் கடையில் அச்செடுத்தார்கள். அந்த பிரிண்டரில் ஓரம் கொஞ்சம் கூட. முதல் பக்கத்தில் அடங்க வேண்டியது அடங்காமல், ‘இப்படிக்கு’ என்பதும் கையெழுத்து இடமும் மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அவர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆபீசில், கையெழுத்து மட்டும் தனித் தாளில் இருந்தால் வாங்க மாட்டோம், அடுத்த திங்கள் வா என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் சத்தம்கூடப் போடவில்லையாம். பெஞ்சில் உட்கார்ந்து, “நான் கையெழுத்து போட்டது தப்பா சார்?” என்று உன்னைக் கேட்டாராம்.

அதைத்தான் உன்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நேரே லேபுக்கு வந்துவிட்டாய்.

“தனியா நிக்கற கையெழுத்துக்கு முன்னாடி எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் வச்சித் தைச்சிடலாம் மச்சான். அதான் கையெழுத்துக்கு மேல ரெண்டு வரியாவது விஷயம் இருக்கணும்ங்கறது. டைப் அடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. உங்க பொட்டிக்குத்தான் தெரியல.”

“அது பொட்டி வேலை இல்ல மாப்பிள்ளை, அடிக்கிறவரு பாத்துக்க வேண்டியது. எத்தனையோ ஊர்ல வச்சிருக்காங்க, யாரும் இதைக் கேக்கல. நீங்க ஒருத்தருதான் கேக்குறீங்க.”

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டார். நீ எழுந்தாய்.

“அப்ப அவுங்களுக்கே குடுங்க மச்சான். எங்க பொட்டியில இருந்து நான் இன்னிக்கே எடுத்துடறேன்.”

வாங்கி வைத்த டீயைத் தொடாமல் போய்விட்டாய். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ இருக்கும்போது மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டதுகளில் பார்த்தால் மழை, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் பேசினாய், பலகையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஒருநாள் நானாகவே கேட்டேன். “அதையா? அப்பவே தூக்கிட்டேனே” என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லியை எடுத்துக்கொண்டாய். எனக்குத்தான் அன்று இட்லி இறங்கவில்லை.

ரெஜினாதான் கடைசியில் உடைத்துச் சொன்னார். “அவரு கேட்டது நியாயம்தான் சார். நமக்கு எப்படிச் செய்யறதுன்னு தெரியல, அதான் உங்களுக்குக் கோவம்.” உண்மைதான். எந்த பிரிண்டரில் போட்டாலும் அந்த நேரத்தில் மறுபடி அளந்து, கையெழுத்து தனியாகப் போகிறதா என்று பார்த்து, போனால் மேலிருந்து இரண்டு வரியை அதோடு சேர்த்து இறக்க வேண்டும். ஒன்றை இறக்கினால் இன்னொன்று ஏறும். ஏழு மாதம் மாரடித்தோம். உன்னிடம் சொல்லவே இல்லை. முடித்து, நானே கடலூருக்கு வந்து உன் கம்ப்யூட்டரில் போட்டு, உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

முடிந்தும் விட்டது. ‘குடுத்துடலாம் சார்’ என்றார் ரெஜினா. இன்னும் ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். அந்த வாரத்தில்தான், காலையில் கடையில் மனு அடித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

ஒரு மாதம் கழித்து, வாரிசுச் சான்றிதழுக்குத் தங்கச்சி கலை மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் சிதம்பரத்தில் அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். “அவரு கடை இருக்கும்போது வேற எங்க போய் அடிக்கறது அண்ணா?” என்றாள். இரண்டு பேருமாகப் போய்க் கடையைத் திறந்தோம். கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் முதலில் நிற்கிறது பலகை.

“இதை எடுத்துட்டேன்னு சொன்னாரே?” என்றேன்.

“எங்க எடுத்தாரு? தெனம் இதுலதான் அடிச்சிக்கிட்டு இருந்தாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர். ‘எடுத்துட்டேன்னு நெனச்சாத்தான் மச்சானுக்கு ரோசம் வரும், செஞ்சி முடிப்பாரு. வச்சிருக்கேன்னு தெரிஞ்சா அப்படியே உட்டுடுவாரு’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

நான் சிரித்துவிட்டேன் மாப்பிள்ளை. நீ போய் ஒரு மாதம், உன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். கலையும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நான் உனக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தேன், நீ எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாய். உன் மனுக்களைத் திறந்து பார்த்தேன். கையெழுத்து தனியாகப் போகக்கூடிய ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு வரிக்கு முன்னால் நீயே கையால் பக்கத்தை வெட்டி அடுத்த பக்கத்துக்கு இறக்கியிருந்தாய். பொட்டி வேலை இல்லை என்று நான் தள்ளியதை மனு மனுவாக நீ செய்திருந்தாய்.

புதுப் பலகையை அன்றே அதில் போட்டேன். கலைதான் உட்கார்ந்து அடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள், விரல் மறக்கவில்லை. மனு ஒரு பக்கத்துக்குச் சற்றே கூடுதல். ‘இப்படிக்கு’ என்று அடித்துத் தன் பெயரையும் அடித்தாள். அது இரண்டாம் பக்கத்துக்குத் தாவியது. உடனே முதல் பக்கத்திலிருந்து இரண்டு வரி இறங்கி வந்து அவள் பெயருக்கு மேலே நின்றது. அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மனு திரும்பி வரவில்லை.

மற்றபடி எல்லாரும் நன்றாக இருக்கிறோம். கடையை இப்போது கலைதான் நடத்துகிறாள், உன்னைவிட ஜாஸ்தி அதட்டல். பெரியவள் எட்டாவது, சின்னவன் ஐந்தாவது. கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளெல்லாம் பலகையில்தான் அடிக்கிறார்களாம். போன வருடக் கடைசியில் பெரிய புயல் அடித்தது. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நிவாரணம் கேட்டு மனு எழுதக் கடை வாசலில் அத்தனை கூட்டம். கலை போன் பண்ணினாள். “அண்ணா, நெட்டும் இல்ல, கரண்டும் இல்ல, பக்கத்துக் கடை ஜெனரேட்டர்ல பலகை ஓடுது. நெட்டு இல்லன்னா என்னான்னு அவரு கேட்டாரே, பதில் சொல்லிடு.” சொல்லிவிட்டேன்.

இனி அந்த வெளிநாட்டுக்காரர். இரண்டு வரியைக் கீழே இறக்குவதால் முதல் பக்கத்தின் அடியில் வெள்ளையாக இடம் விழுகிறது, பார்க்க நன்றாக இல்லை, எடுத்துவிடலாமே என்கிறார். நீ ஒருவன்தான் கேட்கிறாய் என்று உன்னிடம் சொன்ன வாயால் அவருக்கு என்ன சொல்வேன்? டைப்பிங் விதியைச் சொல்லலாம், ஆபீஸ் நடைமுறையைச் சொல்லலாம். அதையெல்லாம் ரெஜினா ஏற்கெனவே ஆங்கிலத்தில் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அதன் கீழே, கலையின் மனுவில் இறங்கி வந்த அந்த இரண்டு வரியை மட்டும் சேர்த்திருக்கிறேன்:

‘காலஞ்சென்ற என் கணவர் தனசேகரின் வாரிசுகள் நாங்கள் மூவர் மட்டுமே என்பதற்குச் சான்று வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

என் தங்கச்சி வாழ்க்கையிலேயே ரொம்பக் கஷ்டப்பட்டுப் போட்ட கையெழுத்து அது மாப்பிள்ளை. அந்தத் தாளில் அவள் தனியாக நிற்கவில்லை, மேலே நீ இருந்தாய். இதை எப்படி எடுக்கச் சொல்வேன்?

பதிலை அனுப்பப் போகிறேன். நான் பலகையில் கை வைக்கிறவரைக்கும் யாருடைய கையெழுத்தும் தனியாக நிற்காது. உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இப்போதாவது அந்த டீயைக் குடி.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றதில் சந்தோஷப்படும் மச்சான்,
கலையின் அண்ணன் சம்பந்தம்