ஆறிதழ் மலர் குறித்துக் கார்முகட்டு எயினி விடுத்த ஓலை

நலம் பெருகுக. கார்முகட்டு மலைநாட்டை ஆளும் எயினி, தெண்ணீர் நாட்டுப் பேரமைச்சர் ஆதனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் அரசர் நீடு வாழ்க. தங்கள் நகர வாயில்கள் அச்சமின்றித் திறந்திருக்க.

அரண்மனை மருத்துவர் தாமனார் தாம் புதிதாகக் கண்டதாக அவையில் படித்த மலரின் விவரம், தங்கள் ஓலையுடன் வந்து சேர்ந்தது. அதற்குத் தாமன்பூ என்று பெயரிடப்போவதாகவும், செடிகளைத் திரட்ட அவருடைய ஆட்களுக்கு மலைவாயிலைத் திறக்க வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள்.

அச்செடியை முதலில் கண்டவன் என் தம்பி தித்தன். அவன் எழுதிய ஏடுகள் என்னிடம் இல்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன்.

முழங்கால் உயரம். நீர் கசியும் பாறை வெடிப்பில் மட்டுமே வேர் பிடிக்கும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் செம்பு நிறம். தண்டில் மெல்லிய சுணை உண்டு. பூ வெண்மை, அதன் தொண்டையில் மஞ்சள் கோடு. நண்பகல் வரை நனைந்த அவலின் மணம் வீசும். பிறகு மணமே இராது. இதழ் ஆறு.

தாமனாரின் விவரத்திலும் இவையெல்லாம் இதே வரிசையில் உள்ளன. இதழ் மட்டும் ஐந்து என்றிருக்கிறது.

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். முதல் நாள் நாங்கள் கண்ட ஒரே பூவில் ஓர் இதழைப் பூச்சி அரித்திருந்தது. நான் ஆறு என்றேன். பசி மயக்கத்தில் அக்காவுக்கு எல்லாம் ஒன்று கூடுதலாகத் தெரிகிறது என்று நகைத்துவிட்டு, தித்தன் ஐந்து என்று கீறினான். மறுநாள் சரிவெங்கும் பூத்திருந்தது. நாற்பது பூக்களை எண்ணினோம், அத்தனையும் ஆறு. ஓலையில் கீறியதை அழிக்க முடியாது. வீடு சேர்ந்ததும் வேறோர் ஏட்டில் திருத்துவதாகச் சொல்லி, ஏட்டுக்கட்டைத் தேன்மெழுகிட்டு மூடி, இடுப்பில் கட்டிக்கொண்டான்.

எங்களோடு மலைக்கு வந்திருந்த தாமனார் கால் வீக்கத்தால் மேலே வரவில்லை; அடிவாரக் குடிலில் தங்கியிருந்தார். அவரிடம் தித்தன் வாயால் சொன்னது ஆறு. ஏட்டுக்கட்டை அவன் பிரிக்கவே இல்லை. திரும்பும் வழியில் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு மூவரும் ஆற்றில் இறங்கினோம். தித்தன் முன்னே, தாமனார் நடுவே, நான் பின்னே. நான் நீரில் மூழ்கி எழுந்தபோது தம்பி இல்லை. கயிறு பாறையில் தேய்ந்து அறுந்ததென்றும், ஏட்டுக்கட்டும் அவனோடு போயிற்றென்றும் சொல்லித் தாமனார் அழுதார். அவரைத் தேற்றியவள் நான். கயிற்றின் முனையைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆற்றோடு போன ஏட்டின் பிழை தங்கள் அவையில் எப்படிப் படிக்கப்பட்டது?

ஆகவே எம் ஆணை இது. அந்த ஏட்டுக்கட்டு என் கைக்கு வரும்வரை மலைவாயில் எவருக்கும் திறக்காது. இவ்வோலையின் செய்தி தாமனார் காதுக்கு எட்டுமுன் அவர் இல்லத்தைச் சோதிக்கச் செய்க. மூடியிருந்த மெழுகு போயிருக்கலாம். தித்தனின் எழுத்தை நான் அறிவேன்.

தாங்களும் அவரும் ஒரே அவையில் அமர்பவர்கள். எனவே, இவ்வோலையைத் தங்கள் கையிலன்றி வேறெவர் கையிலும் தரலாகாது என்று தூதனிடம் சொல்லியிருக்கிறேன். எட்டாம் நாள் அவன் திரும்பாவிடில், தாமனாரின் பெயரோடு தங்கள் பெயரையும் சேர்த்து எழுதி, அடுத்த ஓலையை அரசருக்கே விடுப்பேன்.

எயினி தன் கையால் கீறி, வேங்கை முத்திரை பொறித்தது. இவ்வாறே ஆகுக.