வாங்க வந்தவன்

மார்ச் 4
கூரை மறுபடி ஒழுகுகிறது. மாடிப்படி ஏறினால் முழங்கால் உயிரை எடுக்கிறது. வீட்டை விற்றுவிட்டு, ஃபிலடெல்ஃபியாவுக்குள்ளேயே படியில்லாத சின்ன வீடாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9
விளக்குக் கம்பத்தில் 'வீடு வாங்குகிறோம்' என்ற மஞ்சள் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். டெவன் என்ற பையன் நேரிலேயே வந்துவிட்டான். நான் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு 'பை' பலகாரம் இரண்டு துண்டு சாப்பிட்டான். "மிஸ் வெர்டெல், எம் பொண்டாட்டி இந்தச் சமையக்கட்டைப் பாத்தா சொக்கிப் போயிடுவா." பிள்ளை பிறக்கப்போகிறதாம். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமும் செய்தான். குழந்தை தவழப்போகிற வீடாயிற்றே என்று விலையை நானே குறைத்தேன். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.

மார்ச் 20
யாரோ மூன்று பேர் வந்து என் படுக்கையறையைப் படமெடுத்தார்கள். ஒருவனைக் கேட்டேன். "டெவனா? அவன் எங்க வாங்கப்போறான்? உங்க ஒப்பந்தத்தை எங்ககிட்ட கூடுதல் விலைக்குத் தள்ளிவிடறான்" என்று சிரித்தான்.
பொண்டாட்டி? பிள்ளை?

மார்ச் 21
போனில் டெவன்: "வாங்கறது நானோ, நான் கைகாட்டற ஆளோன்னு தாள்லயே போட்டிருக்கே." விற்க மாட்டேன் என்றேன். "அப்ப கோர்ட்ல பாத்துக்கலாம்." ஒப்பந்தத்தைப் பதிந்தும் வைத்துவிட்டானாம். இனி வேறு யாரும் வாங்க முடியாது.
ஜெபத்தின்போது நான் கண்ணை மூடியிருந்தேன். அவன் மூடினானா?

ஏப்ரல் 16
டெவன் மாதிரி ஆட்களுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் வருகிறதென்று சர்ச் பஸ்ஸில் மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க் போனோம். மைக் முன்னால் என் கதையைச் சொன்னேன். கிழங்குப் பலகாரம் கொடுத்ததையும் சொல்லித் தொலைத்தேன். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
திரும்பும்போது தங்கை ஓலீட்டா: "அழுதாரில்ல, உனக்கொரு வீடு வாங்கித் தருவாரான்னு கேக்க வேண்டியதுதானே?"

ஜூலை 18
சட்டம் நிறைவேறிவிட்டது! என் வழக்கைப் பார்க்கும் இலவச சட்ட உதவி வக்கீலம்மாதான் கூப்பிட்டுச் சொன்னார். "அப்ப என் ஒப்பந்தம்?" என்றேன். "ஜனவரிக்கு அப்புறம் போடற கையெழுத்துக்குத்தான், மிஸ் வெர்டெல்."

ஜூலை 19
கோர்ட்டில் நம் பக்கம் நிற்காது என்று வக்கீலம்மா சொன்னதும் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினேன்.

ஆகஸ்ட் 2
சாவியைக் கொடுத்தேன். ஏதோ கம்பெனிக்காரன் வாங்கிக்கொண்டான். வந்த பணத்துக்குப் படியில்லாத வீடு கிடைக்காது. ஓலீட்டாவின் சோபாதான். மூன்றாவது மாடி.

ஜனவரி 11
தெரியாத எண். இளம் குரல். "வீட்டை விக்கிற எண்ணம் இருக்கா மேடம்? முதல்லயே சொல்லிடறேன், நான் வாங்கற ஆள் இல்ல, கைமாத்தி விடறவன். மனசு மாறினா நீங்க ரத்து பண்ணிக்கலாம். இதைச் சொல்லணும்னு சட்டம் வந்திருக்கு."
ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.
"நல்லா சொன்னே தம்பி" என்றேன். "எங்கிட்டதான் வீடு இல்ல."