மருந்து அறைக்குள் போன கார்ட்லெஸ்

12.8.2004, வியாழன்.

வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்றபின் நான் கடிதம் எழுதித் தரப் போய்வரும் நாரணாபுரம் பட்டாசு ஆலை ஆபீஸில், புது கார்ட்லெஸ் போனை நானேதான் சார்ஜ் ஏற்றிப் பொருத்தினேன். மதியம் பார்த்தால், போர்மேன் அதில் பேசிக்கொண்டே வெடிமருந்து அடைக்கும் அறைக்குள் நிற்கிறார். கேட்டில் எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைப்பவரே அவர்தான்!

“இது செல்போனா சார்? ஆபீஸ் போன்தானே. வயரே இல்ல, தீப்பொறி எங்கன இருந்து வரும்?”

“டார்ச் லைட்டுக்கு வயர் இருக்காய்யா? அதுக்குள்ள கரண்ட் இல்லையா?”

மருந்து அடைத்துக்கொண்டிருந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள். “சார் பாடம் ஆரம்பிச்சிட்டாகடி!”

முதலாளியிடம் சொன்னேன். “ஒண்ணும் ஆகலைல்ல சார், சீசன் நேரம், விடுங்க” என்கிறார். ஆகியிருந்தால் அந்த நான்கு வீடுகளுக்கும் யார் போய்ச் சொல்வது?

அந்த போனின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். நாளை என்னைத் திருடன் என்றாலும் சரி, தரமாட்டேன்.