மணல்வாரிக்கு ஊசி வந்த வருஷம்

9-1-1987, வெள்ளி

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. எனக்கு முன்னால் பதினாறு குடங்கள். ஏழு மணி வரை நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினேன்.

இந்த டைரி ஏதோ ஒரு மருந்துக் கம்பெனி எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கொடுத்தது. அவரிடம் ஏற்கெனவே நான்கு இருக்கிறதாம். "ஞானசுந்தரி, நீங்க வச்சுக்கோங்க" என்றார். யாருக்காவது கடிதம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். யாருக்கு என்று யோசித்தேன். கடைசியில் இதில் எழுதுகிறேன். சங்கரன்கோவிலுக்குச் சுகாதார நர்ஸாக மாற்றலாகி வந்து பதினாலு மாதம். பம்பாய்க்குப் போன செல்லப்பா (வீட்டுக்காரர் என்று எழுதக் கை வரவில்லை) அங்கே வேறு குடும்பம் நடத்தி ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. என் கதை இவ்வளவுதான்.

இந்தத் தெருவில் என்னோடு ஒட்டிக்கொண்ட ஒரே ஆள் சீனி. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், தறி ஓட்டும் சங்கரலிங்கத்தின் மகள். முழுப்பெயர் சீனியம்மாள். இன்னும் ஒன்பது மாதம் முடியவில்லை. முற்றத்தில் விட்டால் நேராகத் தவழ்ந்து என் வாசல்படிக்கு வருவாள். ஏற முடியாமல் "ங்ங்" என்று என்னை அதட்டுவாள். தூக்கினால் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவாள். "யக்கா, தொந்தரவு செய்யுதாளா?" என்று அவள் அம்மா பூமாரி அடுக்களையிலிருந்தே கேட்பாள்.

தொந்தரவாம்!

19-1-1987, திங்கள்

ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு மீட்டிங். மணல்வாரிக்கு, அதாவது தட்டம்மைக்கு, ஊசி வந்துவிட்டது! ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை. தூளாக இருக்கும். அதற்குரிய தண்ணீரில் கரைத்து உடனே போட்டுவிட வேண்டும். ஐஸ் பெட்டிக்கு வெளியே வைத்தால் மருந்து செத்துப்போகும்.

"ஏழெட்டு நாள் கழிச்சு சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் லேசா சிவப்பும் வரும். தானாப் போயிரும். தாய்மார்கிட்ட முதல்லயே சொல்லிருங்க" என்றார் டாக்டர். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

போன மாசியில் என் ஏரியாவில் மட்டும் மூன்று பிள்ளைகள். அம்மை இறங்கி, சளி கட்டி, மூச்சு முட்டி. மூன்று பெயரையும் சாவு ரிஜிஸ்டரில் எழுதியது இந்தக் கைதான். இன்று பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

21-1-1987, புதன்

நெசவாளர் சங்கக் கட்டடத்தில் ஊசி போடக் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஓர் ஆடு வந்து சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தின்றுவிட்டுப் போனது.

24-1-1987, சனி

வீடு வீடாகப் போனேன்.

தறி மேஸ்திரி ஆவுடையப்பன் வீட்டில் நல்லக்கண்ணு என்று பதினோரு மாதப் பையன். கன்னம் இரண்டும் பணியாரம். ஆவுடையப்பன் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்டார்: "ரெண்டோட நிறுத்துன்னு ஆள் புடிக்க வந்ததும் நீங்கதான். இப்பம் பிள்ளயக் காப்பாத்துதேன்னு வாரதும் நீங்கதான். எதைத்தாம்மா நம்பச் சொல்லுதிய?"

அந்தக் காலத்தில் கருத்தடைக்கு ஆள் பிடித்தது நான் இல்லை. ஆனால் இதே உடுப்பு போட்டவர்கள்தான். காப்பி குடித்துவிட்டு எழுந்தேன்.

பூமாரியின் மாமியார் முப்பிடாதியம்மாள் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். "அம்மைங்கது ஆத்தா வாரது. ஊசிய நீட்டி வாசல்லயே மறிப்பியளோ? வேதக்காரிக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது." வேதக்காரி என்றால் கிறிஸ்தவள், நான்தான்.

சாயங்காலம் குழாயடியில் நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள்: "அந்த அம்மாளுக்கே அந்த ஊசியப் போட்டுத்தாம்ட்டி வயிறு தொறக்கல."

பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன். அழவில்லை.

கொஞ்சம் அழுதேன்.

28-1-1987, புதன்

ஊசி போட்டுவிட்டேன். சீனிக்கு! போன வாரம்தான் ஒன்பது மாதம் முடிந்தது.

காலையில் மருந்தோடு வரும்போது பஸ் டயர் பஞ்சர். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பெட்டியில் ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. திருப்பிக் கொண்டுபோகலாமா என்று நினைத்தேன். இன்றும் யாரும் வரப் போவதில்லை, பிறகென்ன என்று வந்து உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கு முந்தானைக்குள் பிள்ளையை மறைத்துக்கொண்டு பூமாரி வந்தாள். "யக்கா, அத்தை துட்டி கேக்க ஒரு எழவு வீட்டுக்குப் புளியங்குடி போயிருக்காவ. சீக்கிரம் போட்டிருங்க. எங்க அக்கா பிள்ளயப் போன மாசியில மணல்வாரிதான் கொண்டுட்டுப் போச்சு." பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணும் செய்யாதுல்லா?"

அடிக்கோடு போட்ட வரி எனக்கு ஞாபகம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவாளே. வந்திருக்கிற ஒரே ஆள்.

"ஒண்ணும் செய்யாது" என்றேன்.

30-1-1987, வெள்ளி

சீனி என் கண்ணாடியை இரண்டாவது தடவையாக உடைத்தாள். நல்ல பிள்ளை.

5-2-1987, வியாழன்

சீனிக்குக் காய்ச்சல்.

இன்று எட்டாம் நாள். எதிர்பார்த்ததுதானே. எதிர்பார்த்ததுதான். பின் எதற்கு அடிக்கோடு போட்ட வரியை மூன்று தடவை எடுத்துப் படித்தேன்?

6-2-1987, வெள்ளி

காது மடலுக்குப் பின்னால் சிவப்பு. மத்தியானத்துக்குள் முகம், மார்பு. பூமாரி பயத்தில் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நான் மருந்துப் பெட்டியோடு போனபோது நிலையில் வேப்பிலை கட்டியாயிற்று. முப்பிடாதியம்மாள் குறுக்கே நின்றார். "உள்ள வராத. சும்மா கெடந்த ஆத்தாள ஊசி போட்டு வீட்டுக்குள்ள இழுத்துவிட்டுட்ட. இன்னும் என்ன செய்ய வந்த?"

"இது அம்மை இல்லம்மா, மருந்தோட வேலை. ரெண்டு நாள்ல—"

"தெரிஞ்சுதான் போட்டியா?"

பூமாரி உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக் கதவைச் சாத்தி அந்தப் பக்கம் கொண்டி போட்டுவிட்டார்கள்.

7-2-1987, சனி

டாக்டரிடம் ஓடினேன். "இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து வாறீங்க? மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார். ஐஸ் உருகியதைச் சொன்னேன். "பாதி ஐஸ் இருந்தாப் போதும்" என்றார்.

அவர் சொல்வது சரிதான். செத்த மருந்துக்குச் சிவப்பு வராது. ஆனால் இது அசல் மணல்வாரியாகவே இருந்தால்? மருந்து செத்து, அதே நேரம் பார்த்து நிஜ அம்மையே வந்திருந்தால்? கிட்டப் போய்ப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். பார்க்கத்தான் விட மாட்டேன் என்கிறார்களே. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருமலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். தறிச் சத்தத்தில் எண்ணிக்கை தவறித் தவறிப் போகிறது.

ஜெபம் பண்ணினேன். அந்தப் பக்கம் அவர்கள் ஆத்தாவிடம், இந்தப் பக்கம் நான் இயேசுவிடம். கேட்பது இரண்டு பேரும் ஒன்றைத்தான்.

8-2-1987, ஞாயிறு

இருமல் இல்லை. சீனியின் அதட்டல் கேட்டது. "ங்ங்."

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. படுத்துத் தூங்கினேன்.

11-2-1987, புதன்

சங்கக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். தெருப் பெண்கள் என்னைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

சீனிக்கு இன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உடம்பு சுத்தமாக இருக்கிறது.

பூமாரியைக் கிணற்றடியில் பார்த்தேன். "பூமாரி" என்றேன். நின்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றாள். அவ்வளவுதான். 'அக்கா'வை விடவில்லை. அதுதான் சுருக்கென்று குத்துகிறது.

27-2-1987, வெள்ளி

வடக்குத் தெருவில் மணல்வாரி. அசல்.

9-3-1987, திங்கள்

எங்கள் தெருவிலும் வந்துவிட்டது. ஆறு வீட்டு நிலையில் வேப்பிலை. எந்த வீட்டுக்குள்ளும் நான் போக முடியாது. வாசலில் நின்று கத்துகிறேன். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, தண்ணி கொடுங்க, மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வாங்க. பேரீச்சம்பழம் விற்கிறவன் மாதிரி தெருத்தெருவாகக் கத்துகிறேன்.

ஆவுடையப்பன் வீட்டிலும் வேப்பிலை.

15-3-1987, ஞாயிறு

ஆவுடையப்பன் என் கதவைத் தட்டினார். செருப்பு போடாத கால். "மூச்சு இழுக்குதும்மா." ஓடினோம். ஜீப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் பிள்ளை என் மடியில்தான் இருந்தான்.

17-3-1987, செவ்வாய்

நல்லக்கண்ணு செத்துப் போனான்.

ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

22-3-1987, ஞாயிறு

மத்தியானம் முப்பிடாதியம்மாள் முற்றத்துக் கதவைத் திறந்து என் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார்.

"ஆத்தா எட்டு வீட்டுல எறங்கிட்டா. எங்க வீட்டுக்கு இடத்துலயும் வலத்துலயும் இருக்கா. எங்க பிள்ளய மட்டும் தொடல."

"ஊசி—"

"இரு, சொல்லுதேன். ஒரு உடம்புக்கு மணல்வாரி ஒரு தடவைதான். என் புத்தி தெரிஞ்ச நாள்லருந்து அப்படித்தான். எங்க பிள்ளைக்கு அவ தையிலயே வந்துட்டா. நீதான் வரவழச்ச. சின்னதா, பூப்போல வந்துட்டுப் போயிட்டா. அதான் இப்பம் திரும்பிப் பாக்கல."

அம்மை வரவில்லை, அது மருந்து, அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் எங்கள் பாடப் புத்தகமும் சுற்றி வளைத்து இதைத்தானே சொல்கிறது. வீரியம் குறைத்த அம்மை. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது. அவர் ஆத்தா என்கிறார், நான் வேறு பெயர் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எட்டாம் நாள் காய்ச்சல் வரும்னு எனக்கு முன்னாலயே தெரியும்மா. பூமாரிகிட்ட மறைச்சேன். சொன்னா போட மாட்டாள்னு."

அவர் தெருவை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அத ஏம்மா மறச்ச? அதச் சொல்லித்தான் கூப்புட்டிருக்கணும்" என்றார். "எட்டாம் நாள் ஆத்தா வருவான்னு சொல்லியிருந்தா நான் வீட்டை மொழுகி வச்சிருப்பேன்ல."

25-3-1987, புதன்

சங்கக் கட்டடம் திறந்திருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள்! மருந்து தீர்ந்து போய், மறு வாரம் வரச் சொல்லி பன்னிரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

வீடு வீடாகச் சொல்லிவிட்டு, வரிசையை ஒழுங்கு பண்ணியதும் முப்பிடாதியம்மாள்தான். "அம்மை கண்ட வீட்டுக்காரியெல்லாம் வெளிய நில்லுங்கட்டி, தள்ளாத" என்று ஒரே அதட்டல். ஒவ்வொரு தாயிடமும் நான் சொன்னேன்: எட்டாம் நாள் காய்ச்சல் வரும், சிவப்பு வரும், பயப்படாதீங்க. ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, "எம்பிள்ளைக்கு வராம இருந்துட்டா?" என்று கவலைப்பட்டாள்.

ஆவுடையப்பன் தன் தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அழுதுகொண்டே பிடித்தார்.

2-4-1987, வியாழன்

டாக்டர் கேட்கிறார்: "பூட்டின கட்டடத்தில் எப்படி நாற்பத்தொண்ணு?" தாய்மாருக்கு எடுத்துச் சொன்னோம் சார் என்றேன். என்ன சொன்னோம் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

29-4-1987, புதன்

இதுவரை நூற்றிப் பத்தொன்பது. தெருவில் ஒரு நிலையிலும் வேப்பிலை இல்லை.

குழாயடியில் இப்போதெல்லாம் எனக்கு வழி விடுகிறார்கள். நான் வந்தால் பேச்சை நிறுத்தி ஒதுங்கிக்கொள்கிறார்கள். முதல் குடம் என்னுடையது. யாரும் என்னைத் தொட்டுப் பேசுவதில்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாட்டை இப்படித்தான் நடத்துவார்கள். முப்பிடாதியம்மாள் விளக்கமே கொடுத்துவிட்டார்: "ஒங்கூட ஆத்தா நடமாடுதா. கைப்பிள்ளய ஒங்கிட்ட விடப் பயமாத்தான் இருக்கு, தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முற்றத்துக் கதவு பகலில் திறந்தே இருக்கிறது. சீனியைத்தான் அந்தப் பக்கம் மடக்கி மடக்கித் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

20-5-1987, புதன்

ஊசி ரிஜிஸ்டர் இரண்டாவது நோட்டுக்குப் போயிருக்கிறது.

18-6-1987, வியாழன்

காலையில் பூமாரி தானாகவே வந்தாள். "அத்தை சரின்னுட்டாவக்கா. கொஞ்ச நேரம் வச்சிருக்கியளா?" என்று சீனியை நீட்டினாள். கோபம் போய்விட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. சீனி இப்போது நடக்கிறாள். நான்கு பல். நான் கையைத் துடைத்துக்கொண்டு, ஓடாத குறையாகப் போய் வாங்கினேன்.

வீறிட்டு அழுதாள். மூச்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி. என் முகத்தைக் கையால் தள்ளித் தள்ளி அம்மாவிடம் தாவினாள். அந்த வயசில் நாலரை மாதம் என்பது ஆயுசில் மூன்றில் ஒரு பங்கு. அவளுக்கு நான் யாரோ.

"இவ ஒருத்தி" என்று பூமாரி கூச்சப்பட்டாள். "போகப் போகச் சரியாயிரும்க்கா." நானும் ஆமாம் என்றேன்.

இதை எழுதும்போது முற்றத்தில் பூமாரி அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். சீனி துப்புகிறாள். பூமாரிக்கு நான் ஜன்னலோரம் இருப்பது தெரியாது. "முழுங்குதியா, ஊசிக்காரம்மாளக் கூப்பிடட்டா?" என்கிறாள். இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் இப்போது இதே பேச்சுத்தானாம், முப்பிடாதியம்மாள் சொன்னார்.

முழுங்கிவிட்டாள். அடுத்த வாய்க்கும் வாயைத் திறக்கிறாள்.

ஜன்னலை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறேன். என்னைக் கண்டால் அழுவாள். சோறு முழுக்க இறங்கட்டும்.