மோதிர விரலின் நுனி

24 ஆகஸ்ட், சனி

படுக்கை விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகும்போது வலது மோதிர விரலில் டிக்கென்று ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை. ஆனால் விரலின் கடைசி மூட்டு தொங்கிவிட்டது. இடது கையால் தூக்கினால் நிற்கிறது, விட்டால் விழுகிறது.

கிதியோன் எட்டிப் பார்த்துவிட்டு, "சுளுக்கா இருக்கும் யூனிஸ், பாம் தடவு" என்றார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாக இந்த மனிதருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். ஒருநாளாவது அவர் அந்த விரிப்பைச் செருகியிருந்தால் என் விரல் பிழைத்திருக்கும்.

26 ஆகஸ்ட், திங்கள்

நேற்று ஆராதனையில் ஒன்பது விரலால் கீபோர்டு வாசித்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் சபையின் காது அவ்வளவுதான்.

இன்று அல்வாலில் டாக்டர் வெங்கட்டைப் பார்த்தோம். நுனியை நிமிர்த்திப் பிடிக்கும் தசைநார் அறுந்துவிட்டதாம். "கிரிக்கெட் ஆடறவங்களுக்குப் பந்து பட்டு வரும். அதுக்கு அடுத்தபடியா பெட்ஷீட் மாத்தற அம்மாக்களுக்கு" என்று சொல்லிச் சிரிக்க வேறு செய்தார். நான் சிரிக்கவில்லை.

விரல் நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு, அதைச் சுற்றிப் பிளாஸ்திரி. இரவும் பகலும் எட்டு வாரம். நடுவில் ஒரே ஒரு தடவை நுனி மடங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். அக்டோபர் 21 வரை. பரவாயில்லை. டிசம்பரில் கீத ஆராதனைக்கு நான் உட்கார்ந்தாக வேண்டும். இருபத்தேழு கிறிஸ்துமஸ் விடாமல் வாசித்திருக்கிறேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

என் இடத்தில் ஸ்டெஃபி. பாளையங்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு ஐ.டி. வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. அந்தப் பெண்ணுக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் தெரியும். பாட்டு எந்த ஸ்ருதியில் இருந்தாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிடுவாள். ஸ்ருதியை மிஷின் மாற்றிக்கொள்ளும், இவள் வெள்ளைக் கட்டையிலேயே உலாவுவாள். இதற்குப் பெயர் வாசிப்பாம்.

யாரும் தொடக் கூடாது என்றுதான் ஆறு வருடம் முன்பு அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். உரித்துப் போட்டிருக்கிறாள், ரோஸ் நிற நெயில் பாலிஷ் நகத்தால்.

முடிந்ததும் வந்து, "எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?" என்றாள். "பட்டன் நல்லா வாசிச்சுது" என்றேன். சிரித்தாள். புரியாமல் சிரித்தாளா, புரிந்துதான் சிரித்தாளா?

9 செப்டம்பர்

மாடி வீட்டுக் கனகவல்லி விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். அவளே தடவிக்கொள்ளட்டும்.

18 செப்டம்பர், புதன்

பிளாஸ்திரி மாற்றுவது ஒரு பெரிய சடங்கு. கூட்டைக் கழற்றும்போது நுனி தொங்காமல் மேஜையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலை கிதியோனுக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு பிடிக்கிறார். "நக்கோ, நக்கோ, ஆட்டாத" என்று இந்த ஊர் பாஷையில் கெஞ்சல் வேறு. ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த கை, என் விரல் நுனியை ஒரு நிமிடம் பிடிக்க இந்தப் பாடு படுகிறது. இவரை நம்பி எப்படி ரயில் விட்டார்களோ.

ஆனால் இதுவரை ஒரு தடவைகூட விடவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

6 அக்டோபர், ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. பலிபீடத்தைச் சுற்றி வாழைத்தார், பூசணிக்காய், கரும்பு. எல்லாம் வழக்கம்போல. காணிக்கைப் பாட்டுக்கு அந்தப் பெண் இன்னொரு பட்டனையும் அழுத்தினாள். டிரம் சத்தம். டும் டக்கா டும் டக்கா. ஸ்தோத்திரப் பாட்டா, மாரெட்பள்ளி கல்யாண ஊர்வலமா? சபையே கை தட்டுகிறது. போதகரும் தட்டுகிறார்.

எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்துக் கூட்டைக் கழற்றினேன். விரல் நேராகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு நாள் ஆயிற்றே, போதாதா? கிதியோன் கையைப் பிடித்தார், உதறினேன். நேரே போய் "எழுந்திரு" என்றேன். எழுந்துவிட்டாள்.

கடைசிப் பாட்டு, ஈ ஃப்ளாட் ஸ்ருதி, கறுப்புக் கட்டை இல்லாமல் நகராது, நான்கு சரணம். மூன்றாவது சரணத்தில் மோதிர விரல் கறுப்புக் கட்டையிலிருந்து வழுக்கியது. முடித்துவிட்டுத்தான் குனிந்து பார்த்தேன். நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

என்ன பண்ணித் தொலைச்சே யூனிஸ்? ஒரு டிரம் சத்தத்துக்காகவா? வெளியே காணிக்கைப் பூசணிக்காய் ஏலம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

7 அக்டோபர், திங்கள்

இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு முதல் நாள்மா. முழுசா நிமிரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது." டிசம்பர் 2 வரை.

திரும்பி வரும் வழியெல்லாம் கிதியோன் பள்ளம் பார்த்துப் பார்த்து மெதுவாக ஸ்கூட்டர் ஓட்டினார். திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

3 நவம்பர்

ஸ்டெஃபி மெசேஜ்: "ஆன்ட்டி, கீத ஆராதனைக்கு நீங்கதான வாசிப்பீங்க? எனக்குப் பயமா இருக்கு." பயப்படக்கூடத் தெரிகிறது அவளுக்கு. 'நான்தான்' என்று இடது கையால் தட்டி அனுப்பினேன்.

2 டிசம்பர், திங்கள்

கூடு கழன்றது. விரல் வெளுத்து, சூம்பி, நுனி குனிந்தே நிற்கிறது. இனி இவ்வளவுதானாம். "சாப்பிட, எழுத ஒண்ணும் தொந்தரவு இருக்காது" என்றார் டாக்டர். வேறு எதற்காவது இந்த விரல் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.

5 டிசம்பர், வியாழன்

ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தேன். கறுப்புக் கட்டையில் நுனி நிற்கவில்லை, ஒவ்வொரு தடவையும் சறுக்குகிறது. வெள்ளையில் பரவாயில்லை.

வெள்ளையில் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

15 டிசம்பர், ஞாயிறு

கீத ஆராதனை. ஒன்பது பாட்டு, ஒன்பதும் நானே வாசித்தேன். வீட்டுக்கு வந்ததும் கிதியோன், "ஹவ், ஆமா, பழைய யூனிஸ்!" என்றார். அவர் காதும் சபைக் காதுதானே.

இரண்டாவது பாட்டு ஈ ஃப்ளாட். எல்லாரும் எழுந்து நிற்கிற சத்தத்தில் அந்த டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று தடவை அழுத்தினேன். சின்னத் திரையில் 3 என்று சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் ஸ்டெஃபி நின்றிருந்தாள். எண்ணைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். இப்போது ஒரு சிரிப்பு வரும், ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

பாட்டுப் புத்தகத்தை மெல்ல இடது பக்கம் நகர்த்தி, அந்த எண் மறைகிற மாதிரி சாய்த்து வைத்தாள். "நீங்க வாசிங்க ஆன்ட்டி, பக்கம் நான் திருப்புதேன்."

கடைசிப் பாட்டுவரை திருப்பினாள். அந்த நெயில் பாலிஷ் நிறம் மட்டும் இன்றைக்கும் சகிக்கவில்லை.