பதினான்காம் பொருளுக்கு ஓர் உதாரணம்

மார்ச் 3, திங்கள்

அழுகிறவளின் பேச்சைக் கேட்டுக்கொண்டே அதை அட்டையில் குறித்துக்கொள்கிறவள் எப்படிப்பட்ட மனுஷி?

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதிக்காக 'ஸீ' (see) என்ற சொல்லோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். கண்ணால் காண்பது, புரிந்துகொள்வது, டாக்டரிடம் போவது, வழியனுப்புவது என்று இருபத்திரண்டு பொருள். ஒவ்வொன்றுக்கும் பேச்சிலிருந்து ஓர் உதாரணத்தை அட்டையில் எழுத வேண்டும். பதினான்காவது: 'ஒருவரைப் பொருட்படுத்திக் கவனிப்பது'. அதற்கு நான் எழுதிப் பார்த்ததெல்லாம் சவசவ.

நேற்று தங்கை வழக்கம்போல ஏழு மணிக்குப் போன் செய்தாள். ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று குரல் உடைந்து, "தினமும் என் மூஞ்சியிலதான் முழிக்கிறாருக்கா. ஆனா என்னைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள்.

நான் "ம்" என்றேன். கை பென்சிலை எடுத்தது.

மார்ச் 4

மெய்ப்புத் திருத்துபவர் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'புள்ளி'. அட்டையைப் படித்துவிட்டு, "மேடம், இருபத்திரண்டுல இது ஒண்ணுதான் உசிரோட இருக்கு. யார் சொன்னது?" என்றார்.

"நானே எழுதினது."

இந்தப் பொய்யையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 11

மாதிரிப் பக்கங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியர்களின் கருத்துக்குப் போய்விட்டன. அவர்களின் பட்டியலை இன்றுதான் முழுக்கப் படித்தேன். ஏழாவதாக இருப்பவர் தங்கையின் கணவர். போன வருடம் அவரைச் சிபாரிசு செய்ததும் நான்தான்.

அவர் படித்தால்? அவள் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தால்? அவளை எச்சரிக்க வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். என்னத்தச் சொல்றது — உன் அழுகையை அச்சுல ஏத்திட்டேன்னா?

மார்ச் 13

"என்னக்கா, குரலே எழும்பலை?" என்று தங்கை போனில் கேட்டாள். ஜலதோஷம் என்றேன்.

மார்ச் 19

தங்கை கணவருடைய பக்கங்கள் திரும்பி வந்தன. சிவப்பு மை, அழகான கையெழுத்து. பதினான்காவது உதாரணத்தின் ஓரத்தில்: "செயற்கையாக இருக்கிறது. யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். நீக்கலாம்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ச்சீ.

மார்ச் 20

அவர் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிப் பக்கத்தை நீட்டினேன். தன் வாக்கியத்தை ஒரு தடவையும் சிவப்பு மையை இரண்டு தடவையும் படித்தாள்.

"படிச்சிருக்காரு. படிச்சும்..."

பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு நீ 'ம்'னு சொன்னியே, அப்போ எழுதிட்டிருந்தியா?"

"ஆமா."

"நீயாவது கேட்டுட்டிருக்கேன்னு நெனச்சேன்."

பக்கத்தை மடித்துத் தானே வைத்துக்கொண்டாள். எப்போதும் தெருமுனைவரை வருகிறவள், வாசலோடு நின்றுவிட்டாள். இனிமேல் போன் செய்யமாட்டாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 21

அந்த வாக்கியம் என்னுடையது இல்லை, எடுத்துவிடுங்கள் என்று புள்ளியிடம் சொன்னேன். "அப்ப யாரோடது?" என்றார். பதினான்காவதற்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது.

ஏழு மணிக்குத் தங்கை போன் செய்தாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையாம். மழை வரும்போல இருக்கிறதாம். துணி காயவில்லையாம். பத்து நிமிடம் பேசினாள்; தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாமே அகராதியில் தாராளமாகப் போடக்கூடிய வாக்கியங்கள்.