பின்னங்காலுக்கு எத்தனை டிகிரி?

இன்ஸ்ப்ரூக், ஆஸ்திரியா
10 டிசம்பர் 2023

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

ஈவாஞ்சலின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்கு ஒரு குறையுமில்லை. நீயும் மருமகள் ரம்யாவும் உன் கடையும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். நீ அனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்தது. இந்தக் குளிரில் கல்லாகிவிட்டது. சுத்தியலால் உடைத்தேன், கீழ்வீட்டுக்காரி பயந்துபோய் வந்து கதவைத் தட்டினாள்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கத்தாதே. ஒரே பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கப் பழகுகிறேன் என்று போன வருஷம் எழுதினேனே, அப்போது போட்டது மெத்தென்ற பூட்ஸ். இந்த வருஷம் கெட்டி பூட்ஸுக்கு மாறுகிறேன். மாவுக்கட்டுப் போட்ட மாதிரி முழங்காலுக்குக் கீழ்வரை பிளாஸ்டிக். பலகையும் ஒடுக்கம். சரிவில் அதைச் சாய்த்து வளைத்தால் பனியில் பென்சில் கோடு போல ஒரு தடம் விழும். அதைத் திரும்பிப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

பூட்ஸைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் சாமானுக்குப் பைண்டிங் என்று பேர். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் காலை வைத்து மிதித்தால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். இன்னொன்றில் குதிகாலைப் பின்கம்பிக்குள் நுழைத்து, குனிந்து, முன்னால் இருக்கும் லீவரைக் கையால் தூக்கிப் பூட்ட வேண்டும். இதெல்லாம் விற்கிற கடையில் ஒருத்தர் குனிகிற வகையே நல்லது என்கிறார். அது கொஞ்சம் விட்டுக்கொடுக்குமாம். மற்றது விறைப்பு, பனி அடைத்தால் பூட்டாது என்கிறார் அந்தக் கடையில் ஒருத்தர். நீ என்ன சொல்கிறாய்?

அன்பு குறையாத,
ஈவா


உடன்குடி
4 ஜனவரி 2024

என் ஈவாவுக்கு,

செல்லக்கிளி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என் காதைத் தவிர.

கத்தாதே என்று எழுதியிருந்தாய். கத்தினேன். சரக்கு எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏளா, ஐம்பத்து மூன்று வயசில் உனக்கு எதற்கு இந்த வேலை? நாசரேத் ஹாஸ்டலில் மாடிப்படி இறங்கவே என் கையைப் பிடித்தவள் நீ. நல்லவேளை, இதைப் போனில் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும்; ஸ்பீக்கரில் போட்டால் பஜார் முழுக்கக் கேட்கும்.

மிதித்தால் பூட்டுகிற வகையையே வாங்கு. நம் வயசில் குனிந்தால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும்.

அப்புறம், கடையில் ஒருத்தர், கடையில் ஒருத்தர் என்று எழுதுகிறாயே, அந்த ஒருத்தருக்குப் பேர் வைக்கவில்லையா?

இப்படிக்கு, உன் நல்லதுக்கே சொல்லும்
செல்லக்கிளி


இன்ஸ்ப்ரூக்
28 ஜனவரி 2024

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

பேர் மத்தியாஸ். குனிகிற வகையைத்தான் வாங்கினேன். நிமிர்த்திவிட ஆள் வேண்டும் என்றாயே, இருக்கிறார்.

முதல் நாள் நானே மாட்டினேன். இரண்டு காலையும் பலகைக்குக் குறுக்காக வைத்துவிட்டேன். பூட்ஸின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்ததுதான் தாமதம், மூக்கு பனியில் உரசிப் பலகை தூக்கிவிட, நான் போய் வேலியில் தொங்கினேன். மத்தியாஸ்தான் வந்து இறக்கிவிட்டார். சிரிக்கவில்லை. பனியில் மண்டிபோட்டு, என் பூட்ஸின் நீளத்துக்குக் கம்பிகளை நகர்த்தினார். முன்னங்காலை அறுபது டிகிரிக்கும் பின்னங்காலை ஐம்பத்தைந்துக்கும் திருப்பி, இரண்டின் மூக்கையும் போகிற திசைக்குக் கொண்டுவந்தார். கால் சற்று உயர, முன்னங்காலில் விரல்பக்கம் ஓர் ஆப்பு, பின்னங்காலில் குதிகால்பக்கம் ஓர் ஆப்பு வைத்தார். லீவர் உள்ளங்கையால் அழுத்தினால் பூட்டுகிற பதத்தில் இருக்க வேண்டுமாம். லொடலொட என்று இருந்தால் கால் கழன்றுவிடும். ரொம்ப இறுக்கினால் கம்பி தாங்காது.

பின்னங்காலுக்கு மட்டும் டிகிரி இன்னும் சரியாகவில்லை. இடுப்பைப் பிடித்து இழுக்கிறது. அதனால் ஞாயிறுதோறும், ஆராதனை முடிந்த பிறகுதான், வந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கிறார். அப்புறம் என் வீட்டில் சாப்பாடு. புளிக்குழம்பைக் கிண்ணத்தில் வாங்கி அப்படியே குடிக்கிறார். அவர் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

அன்புடன்,
ஈவா


உடன்குடி
20 பிப்ரவரி 2024

ஈவாவுக்கு,

உன் கடிதத்தை ரம்யாவிடம்கூடக் காட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒரு காலின் கோணத்தைச் சரிசெய்ய ஞாயிறு ஞாயிறாக ஓர் ஆள் வருகிறாரா? என் கடைத் தராசு கோளாறானால், ஒரே நாளில் சரிபண்ணிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போகிறார்கள். அவர் எந்தச் சபை? அந்த ஊரில் எல்லாரும் ஆர்.சி., கத்தோலிக்கர்கள் என்று ரம்யா சொல்கிறாள். உன் அண்ணன் அற்புதமணி சார் வெள்ளைக்காரனைக்கூடப் பொறுத்துக்கொள்வார், ஆர்.சி.யைப் பொறுக்க மாட்டார்.

உன் வீட்டுக்காரர் கிருபாநிதி அண்ணன் போய் நாலு வருஷம்தான் ஆகிறது. உன்னை எப்படி வைத்திருந்தார்! இந்த வயசில் இது அசிங்கம், ஈவா. நிறுத்திவிடு.

செல்லக்கிளி


இன்ஸ்ப்ரூக்
15 மார்ச் 2024

செல்லக்கிளிக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த ஒரு சொல்லை நீ எழுதியிருக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த மாசங்களில் நான் அழுததைக் கேட்டவள் நீ ஒருத்திதான். நான் மறுபடி சிரிப்பதையும் உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. மத்தியாஸ் ஆர்.சி.தான். பைண்டிங் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

ஈவாஞ்சலின்


உடன்குடி
9 ஜூன் 2024

ஈவாவுக்கு,

கருப்பட்டி வரத்து இந்த வருஷம் பரவாயில்லை. வெயில் தாங்கவில்லை. ஏப்ரலில் நான் போட்ட கடிதம் கிடைத்ததா?

பின்னங்காலுக்கு எத்தனை டிகிரியில் நிறுத்தினீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

செல்லக்கிளி


உடன்குடி
2 செப்டம்பர் 2024

என் ஈவாவுக்கு,

நீ பதில் போடாவிட்டாலும் நான் எழுதுவேன். ரம்யா போனில் ஒரு வீடியோ காட்டினாள். நம் வயசுப் பொம்பளை ஒருத்தி, கை பனியைத் தொடுமளவு சாய்ந்து, வளைந்து வளைந்து போகிறாள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? உன் ஜனவரி மாசக் கடிதத்தில்.

அசிங்கம் என்று எழுதியது பொறாமையில்தான். எங்க வீட்டுக்காரர் போனபின் ராத்திரிச் சாப்பாட்டை நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். குழம்பைக் குடிக்க எனக்கு ஒருத்தரும் வரவில்லை.

நேற்று உன் அண்ணன் கடைக்கு வந்தார். "ஏளா செல்லக்கிளி, ஈவா உனக்காவது எழுதுதாளா? எனக்குப் போனே பண்ண மாட்டேங்கா" என்றார். எனக்கு என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன்.

"அவளுக்கு அங்கன ஒருத்தரப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி. நல்ல மனுஷன். கல்யாணத்தப் பண்ணி வையுங்க."

சார் கருப்பட்டி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "என்ன சபை?"

"ஆர்.சி."

"ஆர்.சி.யா?"

"மணப்பாட்டு ஆர்.சி. ஆளுக எத்தன வருஷமா என்கிட்ட சரக்கு வாங்குதாக. ஒருத்தரும் என்னக் கடிச்சதில்ல."

"குடிப்பானா?"

"புளிக்கொழம்பு குடிக்காரு."

சிரித்துவிட்டார், ஈவா. அப்புறம் வாங்க வந்த கருப்பட்டியை வாங்காமலே போய்விட்டார்.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியாத,
செல்லக்கிளி


இன்ஸ்ப்ரூக்
29 செப்டம்பர் 2024

செல்லக்கிளிக்கு,

நீ பாட்டுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டாய். மத்தியாஸ் அதுவரை என்னிடம் கேட்கவே இல்லை!

போன ஞாயிறு அண்ணன் வீடியோவில் வந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ரிட்டயரான பிறகும் மாறாத தலைமையாசிரியர் குரலில், "கல்யாணம் எப்போது?" என்று ஆங்கிலத்தில் அவரிடமே கேட்டார். மத்தியாஸ் என் பலகையை மடியில் வைத்து ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "நானும் அதைத்தான் குளிர்காலத்திலிருந்து கேட்கப் பார்க்கிறேன் சார்" என்றார். எழுந்து நின்று சொன்னார். அண்ணன் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

பின்னங்காலுக்கு ஐம்பத்திரண்டு டிகிரி. அது பிப்ரவரியிலேயே சரியாகிவிட்டதாம். அதன் பிறகு ஞாயிறுதோறும் அவிழ்த்து, அதே இடத்தில்தான் பூட்டியிருக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "சொன்னால் சாப்பாடு நின்றுவிடும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன், செல்லக்கிளி. அவருக்கும் அண்ணனுக்கும்.

கல்யாணம் ஜனவரியில், நாசரேத்தில். எந்தப் பாதிரியார் என்று அண்ணன் இப்போதே சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார். தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனால் அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. வந்திறங்கின முதல் நாள் முழுக்க உன்னைத் திட்டுவதாக இருக்கிறேன். கல்யாணப் புடவை எடுக்க மறுநாள் போகலாம்.

உன்
ஈவா